டைல்ஸ் மேல் இறுகிப்போன கிரவுட்டை எப்படி எடுப்பது?

கேள்வி: மாங்குளத்தில் புது வீடு. விறாந்தைக்கும் குசினிக்கும் செராமிக் டைல்ஸ் பதித்து மூன்று கிழமை ஆகிறது. டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் கலவையான கிரவுட்டைப் போட்டவர் வடிவாகத் துடைக்காமல் போய்விட்டார். இப்போது சாம்பல் படையும் அங்கங்கே கட்டியுமாக இருக்கிறது. குடிபூரலுக்கு முன் அசிட் ஊற்றிக் கழுவச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து அசிட் ஊற்றவேண்டாம். நான் கிளிநொச்சிப் பக்கம் டைல்ஸ் வேலை செய்கிறவன். இங்கே பல வீடுகள் 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் மானியத்தோடு எழும்பியவை. அந்தக் காசில் டைல்ஸுக்கு இடமில்லை. டைல்ஸ் பிறகு சீட்டுக் கட்டியும் நெல் விற்றும் ஆக்கள் பதித்தது. அப்படிப் பதித்த தரையை ஒரு போத்தல் அசிட்டில் பழுதாக்கி வைத்திருப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனம் நோகும்.

கடையில் விற்கும் அந்த அசிட் ஐதரோகுளோரிக் அமிலம். அது சீமெந்தைத் தின்னும். டைல்ஸ் மேல் ஒட்டியிருப்பதும் சீமெந்து, இடுக்கில் நிரப்பியிருப்பதும் அதே சீமெந்து. மேலே உள்ளது போகும்போது இடுக்கும் பொருபொருத்து நிறம் வெளுக்கும். அதன் ஆவி பைப், கதவுப் பிணைச்சல் எல்லாவற்றையும் கறுக்கப்பண்ணும். நெஞ்சுக்கும் கூடாது. இன்னொன்றையும் கட்டாயம் சொல்லவேண்டும்: கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் பல வீடுகளில் இருக்கும். அதை எந்த அமிலத்தோடும், வினாகிரியோடும்கூடச் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், உயிராபத்து.

சரி, முதலில் கட்டிகளைப் பாருங்கள். இறுகிய கிரவுட் தண்ணீரில் கரையாது, ஆனால் ஊறினால் பிடி கொஞ்சம் தளரும். பழைய துவாய் ஒன்றை நனைத்து அரை மணித்தியாலம் மேலே போட்டுவிடுங்கள். பிறகு பட்டி இழுக்கும் பிளாஸ்டிக் தகட்டையோ தட்டையான மரத்துண்டையோ தரையோடு சரித்துப் பிடித்துத் தள்ளினால் பெரும்பாலான கட்டி கழன்று வரும். உளி, ஸ்குறூ டிரைவர் ஒன்றும் வேண்டாம். கம்பிச் சுருளும் வேண்டாம், அது கீறுவதோடு இரும்புத் தூளை விட்டுப் போகும், பிறகு துருக்கறை வரும். சட்டி தேய்க்கும் பச்சைப் பஞ்சுகூடப் பளபளப்பான டைல்ஸைக் கீறக்கூடும். மூலையில் ஒரு இடத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சாம்பல் படைக்கு வினாகிரியே போதும். கிரவுட் போட்டுப் பத்து நாளாவது ஆகியிருக்கவேண்டும், உங்களுக்கு மூன்று கிழமை ஆகிவிட்டதால் பயமில்லை. முதலில் இடுக்கு முழுவதும் நல்ல தண்ணீர் விட்டு நனையுங்கள். இடுக்கு தண்ணீர் குடித்திருந்தால் வினாகிரி உள்ளே அதிகம் இறங்காது. இதை விட்டுவிடாதீர்கள், முழு வேலையும் இதில்தான் தங்கியிருக்கிறது. பிறகு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நாலைந்து டைல்ஸ் அளவுக்கு மட்டும் பூசி, ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, நைலோன் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். இடையில் காயவிடக்கூடாது. கச்சான் காற்று அடிக்கிற நாளில் நிமிடத்தில் காய்ந்துவிடும், அதனால் காலையிலேயே செய்யுங்கள். உங்கள் வீட்டில் படை இறுகியதற்கும் அந்தக் காற்றே காரணமாக இருக்கலாம். பூசிப் பதினைந்து இருபது நிமிடத்தில் துடைக்கவேண்டிய கிரவுட், வெயிலும் காற்றும் சேர்ந்தால் அதற்கு முன்பே பிடித்துவிடும்.

கழுவின பிறகும் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே திரும்பத் தேய்க்கவேண்டாம். வன்னியில் பல கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. தரையில் தானாகக் காயவிட்டால் அதுவே வெள்ளைப் படை வைக்கும். கேத்தலின் அடியில் பிடிக்கிற அதே படைதான். வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றி, கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பாருங்கள்.

அதற்கும் போகாத இடங்களுக்குச் சல்பமிக் அமிலத்தில் செய்த டைல்ஸ் கிளீனர் பாவிக்கலாம். கிளிநொச்சி அல்லது வவுனியாவில் பெரிய ஹாட்வெயார் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அது தூளாக வந்தால் தூளைத் தண்ணீரில் போடுங்கள், தூளின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அளவு பைக்கற்றில் இருக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, கதவு யன்னல்களைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். முடிந்ததும் ஒரு வாளி தண்ணீரில் ஒரு பிடி அப்பச்சோடா கரைத்துத் துடைத்தால் மிஞ்சிய புளிப்பு அடங்கும். அதன் மேல் நல்ல தண்ணீரால் இரண்டு தரம் கழுவுங்கள். கழுவுகிற தண்ணீர் கிணற்றடிப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வினாகிரியோ சல்பமிக்கோ மாபிள் கல்லிலும் மினுக்கிய சீமெந்துத் தரையிலும் படக்கூடாது, இரண்டும் அரிக்கும். குசினி மேசைக்கு மாபிள் பதித்திருந்தால் அதைப் பிளாஸ்டிக்கால் மூடிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் கறை அசையாவிட்டால், போட்டது எப்பொக்சி கிரவுட்டாக இருக்கலாம். அது சீமெந்து இல்லை, பிசின், அதை இந்த அமிலங்கள் அசைக்காது. அதற்குத் தனியாக எப்பொக்சி ரிமூவர் இருக்கிறது. கிரவுட் போட்டவரிடம் பழைய பைக்கற் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு மூன்று பகுதிகளைக் கலந்து பூசினேன் என்று சொன்னால் அது பெரும்பாலும் எப்பொக்சி. பைக்கற்றையே கடைக்குக் கொண்டுபோய், அதே கொம்பனியின் ரிமூவரைக் கேட்டு வாங்குங்கள்.