உலக முடிவுக்கு அம்மாவையும் கூட்டிப் போகலாமா?

கேள்வி: பொங்கல் விடுமுறையில் வவுனியாவிலிருந்து குடும்பத்தோடு நுவரெலியா போகிறோம். அதில் ஒரு நாளை ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒதுக்கியிருக்கிறோம். எங்கள் சொந்த வான், ஓட்டப்போவது நான்தான். அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. மகனுக்கு 9 வயது. உள்ளே ஒன்பது கிலோமீற்றர் நடக்க வேண்டும் என்கிறார்கள். இவர்கள் இருவராலும் முடியுமா? ஹோட்டலில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் புறப்பட்டால் போதுமா? போய் வந்த உறவினர் ஒருவர், "அங்கே பார்க்க ஒன்றுமில்லை, வெறும் மூடுபனிதான்" என்று பயமுறுத்துகிறார்.

பதில்: உங்கள் உறவினர் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போனவராக இருப்பார்.

சமவெளியின் தெற்கு விளிம்பு திடீரென்று அறுந்து விழுகிற இடம்தான் உலக முடிவு. ஏறக்குறைய 870 மீற்றர் பள்ளம். வெயில் ஏற ஏறக் கீழே உள்ள பள்ளத்தாக்கு சூடாகி, ஈரக் காற்று அந்தச் சுவரோடு மேலே ஏறுகிறது. விளிம்புக்கு வரும்போது குளிர்ந்து மேகமாகிவிடும். அதனால் நல்ல வெயில் நாளில்கூட ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளம் மூடிக்கொள்வது வழக்கம். வானம் தெளிவாக இருக்கிறதே என்று நுவரெலியாவில் நின்று கணக்குப் போடாதீர்கள்.

சரி, எத்தனை மணிக்குப் புறப்படுவது? நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக 32 கிலோமீற்றர். தூரம் சின்னது, ஆனால் பட்டிப்பொலவுக்குப் பிறகு பாதை ஒடுங்கி வளைந்து ஏறும். இருட்டும் பனியும் சேர்ந்தால் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. ஐந்து மணிக்கு முன்பே வான் நகர்ந்தால்தான் ஆறேமுக்காலுக்குள் நடக்கத் தொடங்கி, எட்டரைக்கு முன் விளிம்பில் நிற்கலாம். பயணத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இந்த ஒரு விழிப்புத்தான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

காலைச் சாப்பாட்டை முதல் நாள் இரவே ஹோட்டலில் சொல்லிக் கட்டி வாங்குங்கள். பொலித்தீனில் கட்ட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நடைபாதை தொடங்கும் இடத்தில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். பிஸ்கட் உறை, சொப்பிங் பை எல்லாம் அங்கேயே எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிட்டுத்தான் தருவார்கள். வரிசையில் நின்று உறைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிற பத்து நிமிடம் மேகத்துக்குக் கொடுத்த பத்து நிமிடம். மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒன்று போதும். எல்லோரும் அடையாள அட்டை கொண்டு வாருங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்த உறவினர் கூட வந்தால் அவருக்குக் கட்டணம் பல மடங்கு, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசலில் வைத்துச் சொன்னால் அந்த நாளே கசந்துவிடும்.

இனி அம்மா. முழுச் சுற்றுக்கும் அவரைக் கூட்டிப் போகாதீர்கள். பெரிய ஏற்றம் இருக்கிறது என்பதல்ல காரணம். தொடக்கத்துப் புல்வெளி சமமாகத்தான் போகும். அதைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் பாதை வேறு மாதிரி: மழைநீர் அறுத்த பள்ளங்கள், புரண்ட கற்கள், குறுக்கே ஓடும் வேர்கள். ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுதான் வினை. பாதி வழியில் முடியவில்லை என்றால் திரும்பியும் நடந்துதான் வரவேண்டும், வாகனம் வராது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருப்பதால் மூச்சும் கொஞ்சம் முந்திக்கொள்ளும். ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் மருந்து கையில் இருக்கட்டும்.

அதற்காக அவரை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போவதும் சரியில்லை. உலக முடிவைப் பார்க்காவிட்டால் சமவெளிக்குப் போனது வீண் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பட்டிப்பொல வாசலிலிருந்து, நடைபாதை தொடங்கும் ஃபார் இன் வாகனத் தரிப்பிடம் வரை பாதை புல்வெளிக்கு நடுவேதான் போகிறது. விடியற்காலையில் மரைகள் பாதையோரத்திலேயே மேயும், வானுக்குள் இருந்தே பார்க்கலாம். இலங்கையின் மூன்றாவது உயரமான தொட்டுப்பொல மலையும் அந்த வழியில்தான். பிறகு எல்லோரும் சேர்ந்து புல்வெளியில் கொஞ்ச தூரம் நடக்கலாம். மகாவலிக்கும் வளவைக்கும் தண்ணீர் தருகிற ஓடைகள் இங்கேதான் பிறக்கின்றன. அம்மா திரும்ப நினைக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் கூடவே திரும்பட்டும். சிக்னலை நம்பாமல், எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்று வாயால் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கழிவறை தொடக்கத்தில்தான் இருக்கிறது, அதுவும் நினைவிருக்கட்டும்.

மகன் நடப்பான். ஒன்பது வயதுப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகவே நடப்பார்கள், அலுப்புத்தான் அவர்களுக்குப் பிரச்சினை. மூக்கு நுனியில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று இந்தக் காட்டு மரங்களில் இருக்கிறது, இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. அதைத் தேடச் சொல்லுங்கள், இரண்டு கிலோமீற்றர் தெரியாமலே போய்விடும். பாதை பிரியும் இடத்தில் முதலில் உலக முடிவுப் பக்கம் எடுங்கள், திரும்பும் வழியில் வரும் அருவி காத்திருக்கும். சின்ன உலக முடிவு முதலில் வரும், பள்ளம் அங்கே 270 மீற்றர் அளவு. பெரியதில் நின்றால் கீழே தேயிலைத் தோட்டமும் லயங்களும் தெரியும், மிகத் தெளிவான நாளில் தெற்கே கடல்கூட. ஆனால் விளிம்பில் மகனின் கையை விடாதீர்கள். 2015இல் படம் எடுக்கப் பின்னால் அடி வைத்த நெதர்லாந்துப் பயணி ஒருவர் விழுந்து, மரத்தில் சிக்கியதால் உயிர் தப்பினார். தப்பாதவர்களும் உண்டு. படம் எடுக்கும்போது நில்லுங்கள், நடக்கும்போது படம் எடுக்காதீர்கள்.

திரும்பும் வழியில் பேக்கர் அருவி. 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவில் குடியிருந்து யானையும் மரையும் வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெயர் அது. இன்று சமவெளியில் யானை இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. அருவிக்கு இறங்கும் படிகள் செங்குத்து, ஈரம் வேறு. கால் களைத்திருந்தால் விட்டுவிடலாம், பெரிய இழப்பில்லை.

ஜனவரியில் விடியற்காலை புல்லின் மேல் உறைபனி படிவது உண்டு. தடித்த கம்பளிச் சட்டை ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு, மூன்று போடுங்கள், எட்டு மணிக்கு வெயில் சுடும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். தொப்பி அவசியம், புல்வெளியில் நிழலே கிடையாது. பொங்கல் நாளிலேயே போகாமல் அடுத்த வாரநாள் ஒன்றுக்குத் தள்ள முடிந்தால் நெரிசல் குறையும். வடகீழ்ப் பருவமழையின் வால் ஜனவரி நடுப்பகுதியில் இன்னும் ஆடலாம். மாதக் கடைசி என்றால் இன்னும் நல்லது. பெருமழை பெய்த மறுநாள் பாதை திறந்திருக்கிறதா என்று ஹோட்டலில் கேட்டுவிட்டே புறப்படுங்கள், மலைநாட்டில் மண்சரிவு சொல்லிவிட்டு வருவதில்லை.

கடைசியாக வான். உள்ளே பட்டிப்பொல வழியாகப் போய், அதே வழியாகவே நுவரெலியா திரும்புங்கள். மறுபக்கம் ஒஹிய வாசலால் இறங்கினால் ஹப்புத்தளைப் பக்கம் போகலாம், காட்சியும் அருமை. ஆனால் அந்த 11 கிலோமீற்றர் ஒடுங்கிய கொண்டை ஊசி வளைவுகள் வன்னியின் நேர்ச் சாலையில் ஓட்டிப் பழகிய கைக்கு முதல் பாடமாக வேண்டாம். எந்தப் பக்கம் இறங்கினாலும், ஏற எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாசம் வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.