வாசகர் கேள்விகள்: எந்தக் கூட்டணியின் கணக்கு தேறும்? (2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தலுக்கு முன் எழுதியது)

கேள்வி: ஏப்ரல் 19 அன்று ஓட்டு. தி.மு.க., காங்கிரஸ், பா.ஜ.க. மூன்று தேர்தல் அறிக்கையையும் படித்துவிட்டேன், தலை சுற்றுகிறது. எதை வைத்து ஒப்பிடுவது? (ஈரோடு வாசகர்)

பதில்: முதலில் அது யாருடைய அறிக்கை என்று பாருங்கள். தி.மு.க.வும் காங்கிரஸும் இருக்கும் இந்தியா கூட்டணிக்குப் பொது அறிக்கை கிடையாது. தி.மு.க. மார்ச் 20-இல் ஒன்று வெளியிட்டது, காங்கிரஸ் ஏப்ரல் 5-இல் இன்னொன்று. எதிரணியில் பா.ஜ.க.வின் அறிக்கை ஏப்ரல் 14-இல்தான் வந்தது. நாளை டெல்லியில் நிதி அமைச்சகத்தை யார் கையில் வைத்திருப்பார்களோ அவர்களுடைய அறிக்கையில் இருப்பதுதான் வாக்குறுதி, தோழமைக் கட்சியின் அறிக்கையில் மட்டும் இருப்பது ஒரு கோரிக்கை. பெட்ரோல் 75 ரூபாய், டீசல் 65, சிலிண்டர் 500 என்று தி.மு.க. சொல்கிறது, காங்கிரஸ் அறிக்கையில் அந்த விலைகள் இல்லை. மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

கேள்வி: ஏழைக் குடும்பப் பெண்ணுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் என்கிறதே காங்கிரஸ், நடக்கிற காரியமா? (தேனி வாசகி)

பதில்: எத்தனை குடும்பம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 1 கோடி குடும்பம் என்றால் ஆண்டுக்கு 1 லட்சம் கோடி ரூபாய், சிரமப்பட்டால் முடியும். 10 கோடி குடும்பம் என்றால் 10 லட்சம் கோடி. பிப்ரவரியில் போட்ட இடைக்கால பட்ஜெட்டின் மொத்தச் செலவே 47.66 லட்சம் கோடிதான், அதிலும் வட்டிக்கு மட்டும் கிட்டத்தட்ட 11.9 லட்சம் கோடி போய்விடுகிறது. 2019-இல் இதே கட்சி 5 கோடி குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்று எண்ணிக்கையோடு சொன்னது, அப்போது நாமே உட்கார்ந்து பெருக்கிப் பார்க்க முடிந்தது. இந்த முறை மிக ஏழைகள், படிப்படியாக என்று மட்டும்தான் இருக்கிறது. பெண்கள் கையில் நேரடியாகப் பணம் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறவன் நான், அதனால்தான் அந்த எண்ணிக்கையைச் சொல்லச் சொல்லி வற்புறுத்துகிறேன்.

கேள்வி: பா.ஜ.க. அறிக்கையில் புதிதாக என்ன இருக்கிறது? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பெரிய செலவு பழையதுதான். இன்னும் 5 ஆண்டுகளுக்கு இலவச ரேஷன் என்பது 2023 நவம்பரிலேயே மத்திய அமைச்சரவை எடுத்த முடிவு, 5 ஆண்டுக்குச் சுமார் 11.8 லட்சம் கோடி ரூபாய். நம் ஊரில் 2011-இலிருந்தே ரேஷன் அரிசி இலவசம் என்பதால் இங்கே அது பெரிதாகத் தெரியாது. புதிது என்றால், 70 வயது தாண்டிய எல்லோருக்கும் மத்திய அரசின் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீடு, சிறு தொழிலுக்கான முத்ரா கடன் வரம்பு 10 லட்சத்திலிருந்து 20 லட்சம், இன்னும் 3 கோடி வீடுகள். இவற்றில் வயதானவர்களுக்கான காப்பீடு உண்மையிலேயே நல்ல விஷயம், ஆஸ்பத்திரிச் செலவில் எத்தனை குடும்பம் கடனாளியாகிறது!

ஆனால் வேலை, கூலி, விளைச்சலுக்கு விலை என்று வரும்போது அறிக்கை நழுவுகிறது. குறைந்தபட்ச ஆதரவு விலையை அவ்வப்போது உயர்த்துவோம் என்பதோடு நிற்கிறது, காங்கிரஸ் அதற்குச் சட்டமே போடுவதாகச் சொல்கிறது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024 ஏப்ரலில் கூலி 319 ரூபாய், அதை 400 ஆக்குவோம், மத்திய அரசில் காலியாக உள்ள 30 லட்சம் இடங்களை நிரப்புவோம் என்கிறது காங்கிரஸ். எண்ணைச் சொன்னவரை நாளைக்குப் பிடித்துக் கேட்கலாம், அந்த அளவில் இங்கே காங்கிரஸுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

கேள்வி: பெட்ரோல் 75 ரூபாய்க்கு வருமா? (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: சென்னையில் 2024 ஏப்ரலில் 101 ரூபாயை ஒட்டி இருந்தது. அதில் மத்திய கலால் வரி அப்போது 19.90 ரூபாய். அதை மொத்தமாக எடுத்தாலும் 75-க்கு இறங்காது, மாநிலமும் தன் வரியில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யத் தயாரா என்று ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: கல்விக் கடன் தள்ளுபடி என்கிறார்களே, தவணை கட்டுவதை நிறுத்தலாமா? (விருதுநகர் மாணவி)

பதில்: வேண்டாம்மா. 2024 மார்ச் 15 வரையிலான பாக்கியை ஒரே ஒரு முறை தள்ளுபடி செய்வதாகத்தான் காங்கிரஸ் சொல்கிறது, அதுவும் அவர்கள் ஜெயித்தால். தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் இப்போதே இறங்கிவிடும், அப்புறம் யார் ஆட்சிக்கு வந்தாலும் அடுத்த கடன் வாங்குவது சிரமம். இந்த மாதத் தவணையைக் கட்டிவிடுங்கள்.