டி மைனர் 9 கார்டில் டி-யை விடலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரக் கல்யாண விருந்துகளில் கீபோர்டு வாசிக்கிறேன். டி மைனர் 9, ஜி13, சி மேஜர் 9 என்று ஒரு ஜாஸ் ஷீட் வந்திருக்கிறது. எல்லாச் சுரங்களையும் பிடித்தால் சத்தம் கலங்குகிறது. இன்வர்ஷன் (சுரங்களின் மேல்கீழ் வரிசையைப் புரட்டுவது) போட்டால் வேறு கார்டு மாதிரி கேட்கிறது. பாஸ் கிட்டார் வாசிக்கும் அண்ணன் "என்ன தம்பி பிடிக்கிறாய்?" என்கிறார்.

பதில்: முதலில் எண்கள். எட்டைத் தாண்டினால் ஏழைக் கழியுங்கள்: 9 மேல்ஸ்தாயி ரி, 11 ம, 13 த. நிஷாதத்தில்தான் பலர் தடுமாறுவார்கள். சி9-இல் கைசிகி (பி ஃபிளாட்), சி மேஜர் 9-இல் காகலி (பி), சி ஆட்9-இல் நிஷாதமே கிடையாது.

எல்லாவற்றையும் பிடிக்க வேண்டியதில்லை. கார்டின் குணத்தைச் சொல்பவை 3-உம் 7-உம். முதலில் 5-ஐ விடலாம். பாஸ் கிட்டார் இருந்தால் ஆதார சுரத்தையும் (டி மைனர் 9-இல் டி) தாராளமாக விடலாம். ஜி13-இல் 11-ஐயும் விடுங்கள். ஜி-யை சட்ஜமாக வைத்தால் அந்தர காந்தாரமும் சுத்த மத்யமமும் அரைச்சுர இடைவெளியில் மோதும். மத்யமம் வேண்டுமென்றால் பிரதி மத்யமம், அதாவது ஷார்ப் 11.

நடு சி-க்குக் கீழே இருக்கும் எஃப்-இல் தொடங்கி இப்படிப் பிடியுங்கள். டி மைனர் 9: எஃப், ஏ, சி, ஈ. ஜி13: எஃப், ஏ, பி, ஈ. சி மட்டும் பி-க்கு இறங்குகிறது, மற்ற மூன்று விரலும் அசைவதில்லை. அடுத்து சி மேஜர் 9: ஈ, ஜி, பி, டி. இப்போது பி நிற்கிறது, மற்றவை ஒரு படி இறங்குகின்றன. இன்வர்ஷனின் பயனே இந்தக் குறுகிய நகர்வுதான். கையைத் தூக்கித் தூக்கிப் போட்டால் ஜாஸ் கேட்காது.

வேறு கார்டு போலக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அடியில் ஒலிக்கும் சுரத்தையே காது பெரும்பாலும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். எஃப், ஏ, சி, ஈ தனியாக ஒலித்தால் அது எஃப் மேஜர் 7. பாஸில் டி விழுந்தால்தான் டி மைனர் 9. பிறகு மேலே சி, ஈ, எஃப், ஏ என்று புரட்டினாலும் பெயர் மாறாது. பாஸ் ஆள் வராத நாளில் இடது கையில் டி, வலது கையில் மற்ற நான்கு. நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே மூன்றாம் இடைவெளிகளை நெருக்கிப் பிடித்தால் டேவான் (மண்டப) ஸ்பீக்கரில் குழம்பத்தான் செய்யும்.

ஆட்டோ அக்கம்பனிமென்ட் (கீபோர்டே தாளமும் பாஸும் சேர்க்கும் வசதி) ஓடுகிறதா என்றும் பாருங்கள். அண்ணனின் கோபத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். டி இல்லாமல் இடது கையில் பிடித்தால் கீபோர்டு அதை எஃப் மேஜர் 7 என்று படித்து, தானாக எஃப் பாஸ் போடும். அவரோ டி அடிப்பார். பேண்டோடு வாசிக்கும்போது அதை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று: பாடகர் சி-யில் நீட்டி நிற்கும்போது உங்கள் பி உரசும். அந்த இடத்தில் பி-யை ஏ-க்கு மாற்றி ஈ, ஜி, ஏ, டி பிடித்தால் சி 6/9 ஆகிவிடும், உரசாது.