வேதாரண்யம் பக்கம் என்னென்ன விலங்குகளைப் பார்க்கலாம்?

டிசம்பரில் குழந்தைகளோடு வேதாரண்யம் போகிறோம், என்னென்ன கண்ணில் படும் என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகக் கோடியக்கரை சரணாலயத்துக்குப் போங்கள். 1967இல் வெளிமான்களுக்காகவே அமைத்த இடம் அது. விடிந்ததும் போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் மான்கள் நிழல் தேடி ஒதுங்கிவிடும். கிடாவை எளிதாக அடையாளம் காணலாம்: திருகிய நீளக் கொம்பு, கருத்த முதுகு, வெள்ளை வயிறு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். பெட்டை வெளிர் பழுப்பு. புள்ளிமான், நரி, காட்டில் திரியும் மட்டக்குதிரைகளும் உண்டு.

அப்புறம் பூநாரைகள். நீங்கள் போவது சரியான பருவம். ஆழமில்லாத நீரில் அலகைத் தலைகீழாக அமிழ்த்தி, சேற்றுநீரைச் சலித்து இரை தின்னும். பைனாகுலர் கட்டாயம் எடுத்துப் போங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பழகிவிட்டால் பையைப் பிடுங்கும், வண்டிக்கு அடியிலும் வந்து மாட்டிக்கொள்ளும்.