தொடக்ககாலப் பெண் ஒளிப்படக் கலைஞர்கள் தங்களுக்கெனத் தனிச் சங்கம் வைத்துக்கொண்டது ஏன்?

கேள்வி கேட்டவர், "திறமை இருந்தால் போதாதா, பெண்களுக்கென்று தனியாக ஒரு சங்கம் எதற்கு?" என்று கூடுதலாக ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்த வரிக்குத்தான் முதன்மையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். இதே கேள்வியை 1890-களிலும் 1900-லும் அமெரிக்கப் பெண் கலைஞர்களே எழுப்பித் தங்களுக்குள் வாதிட்டிருக்கிறார்கள்.

அதற்கு முன் என் வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். அம்மா நெகட்டிவ்களுக்கு டச்சிங் செய்தார். பின்புறம் வெளிச்சம் விழும் சாய்ந்த பலகையில் நெகட்டிவைப் பொருத்தி, பென்சில் பிடிப்பதற்காக அதன்மீது ஒரு திரவத்தைத் தடவிக் காயவிட்டு, பிளேடால் சீவி உப்புத்தாளில் தேய்த்து ஊசிபோல் ஆக்கிய பென்சில் முனையால் கண்ணுக்குக் கீழுள்ள சுருக்கத்தைப் புள்ளி புள்ளியாக நிரப்புவார். நெகட்டிவில் அந்தச் சுருக்கம் தெளிந்த கோடாக இருக்கும். அங்கே பென்சில் கருமை ஏறினால் தாளில் அச்சாகும்போது அந்த இடம் வெளுத்துவிடும். மணப்பெண்ணின் முகம் பொலிவாக வந்ததற்குப் பாதிக் காரணம் அம்மாதான். ஆனாலும் படத்தின் பின்புறம் குத்தப்படும் முத்திரையில் அப்பாவின் பெயர் மட்டுமே இருந்தது. சங்கக் கூட்டத்துக்கும் அப்பாதான் போவார். அதை நாங்கள் யாரும், அம்மா உட்பட, ஒரு குறையாக நினைத்ததாக நினைவில்லை.

அமெரிக்காவிலும் பெரும்பாலான பெண்கள் இத்தொழிலுக்குள் நுழைந்தது இந்தப் பின்வாசல் வழியாகத்தான். டச்சிங் செய்பவர், வண்ணம் தீட்டுபவர், வாடிக்கையாளரை வரவேற்பவர் என்று 19-ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோக்களில் பெண்கள் ஏராளமாக இருந்தார்கள். கேமராவுக்குப் பின்னால் நிற்பதற்குத் தொழில்நுட்பமே ஒரு தடையாக இருந்தது. ஈரத்தகடு முறையில், கண்ணாடித் தகட்டில் பூசிய கலவை காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். வெள்ளி நைட்ரேட்டு கையையும் உடையையும் கருக்கிவிடும். ஆயத்த உலர்தகடும், அதன்பின் 1888-இல் 100 படங்களுக்கான சுருளோடு 25 டாலருக்கு விற்பனைக்கு வந்த கோடக் கேமராவும் அந்தத் தொல்லையைக் குறைத்தன. 1900-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒளிப்படத்தைத் தொழிலாகப் பதிவு செய்த அமெரிக்கப் பெண்கள் 3,500-க்கும் மேற்பட்டவர்கள்.

இவர்களில் தனிச் சங்கமோ தனிப் பரிசோ வேண்டாம் என்றவர்களின் வாதத்தை முதலில் பார்ப்போம், ஏனெனில் அது வலுவானது. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் தன் வீட்டு மாடத்தையே ஸ்டுடியோவாக்கிக்கொண்ட கேத்தரின் வீட் பார்ன்ஸ், 1890-இல் ஓர் ஒளிப்பட இதழின் துணையாசிரியரானார். போட்டிகளில் 'மகளிர் பரிசு' என்று ஒன்றைத் தனியே ஒதுக்குவதை அவர் கடுமையாக எதிர்த்தார்; நல்ல படம் யார் எடுத்தாலும் நல்ல படம், மோசமான படம் யார் எடுத்தாலும் மோசமான படம் என்பதே அவர் நிலைப்பாடு. பின்னாளில் வாட்சன்-ஷூட்சே என்று அறியப்பட்ட ஈவா வாட்சனும், தன் படங்களைப் 'பெண்களின் படைப்பு' என்று முத்திரையிட்டுக் காட்டக் கூடாது, பாலினம் பாராத ஒரே அளவுகோலால் அவற்றை மதிப்பிட வேண்டும் என்று பிரான்சிஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் வலியுறுத்தினார்.

அந்த ஜான்ஸ்டன்தான் 1900-இல் பாரிசில் நடந்த பன்னாட்டு ஒளிப்பட மாநாட்டுக்காக, குறுகிய கால அவகாசத்தில் கடிதம்மேல் கடிதம் எழுதி, ஏறத்தாழ 30 அமெரிக்கப் பெண்களின் படங்களைத் திரட்டிக்கொண்டு போனவர். அத்தொகுப்பு பிறகு ரஷ்யாவிலும் காட்டப்பட்டது. வாஷிங்டனில் ஸ்டுடியோ நடத்திய அவர், அரசியல் பெரும்புள்ளிகளின் குடும்பங்களைப் படமெடுத்தவர். அதே ஸ்டுடியோவில் 1896-இல், ஒரு கையில் சிகரெட்டும் மறுகையில் பீர்க் குவளையுமாக, உள்பாவாடை தெரியக் கால்மேல் கால் போட்டு அமர்ந்து தன்னையே படமெடுத்துக்கொண்டவரும் அவர்தான். இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனதற்கு அந்தப் படமே காரணம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் நம் கேள்விக்கு உதவுவது, 1897-இல் பெண்கள் இதழ் ஒன்றில் ஒளிப்படத் தொழிலுக்கு வர விரும்பும் பெண்களுக்கு அவர் எழுதிய கட்டுரை. பொறுமை, நயமான பேச்சு, கூரிய கண், கடும் உழைப்பு என்று பட்டியலிட்டுவிட்டு, நல்ல வேலைக்கு நல்ல விலை கேட்கத் தயங்காதீர்கள் என்று அதில் அவர் அழுத்திச் சொல்கிறார். கலையைப் பற்றிய அறிவுரையைவிடத் தொழில் நடத்துவதைப் பற்றிய அறிவுரையே அதில் பயனுள்ளதாக எனக்குப் படுகிறது.

பார்ன்சும் வாட்சனும் கண்காட்சிச் சுவரை மனத்தில் வைத்துப் பேசினார்கள். சங்கம் கேட்டவர்கள் கல்லாப்பெட்டியை மனத்தில் வைத்துப் பேசினார்கள் என்பது என் கருத்து. சுவரைப் பொறுத்தவரை, கதவு ஓரளவு திறந்துதான் இருந்தது. 1899-இல் பிலடெல்பியா ஒளிப்படக் கண்காட்சியின் ஐந்து நடுவர்களில் ஜான்ஸ்டன், கெர்ட்ரூட் கேஸபியர் ஆகிய இருவர் பெண்கள். ஒளிப்படத்தையும் ஒரு கலையாக ஏற்கவைக்க முனைந்த ஒளிப்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1902-இல் தொடங்கிய போட்டோ-செசஷன் என்ற கலைக்குழுவின் நிறுவன உறுப்பினர்களில் கேஸபியரும் வாட்சன்-ஷூட்சேயும் இருந்தனர். 1903-இல் ஸ்டீக்லிட்ஸ் தொடங்கிய பத்திரிகையின் முதல் இதழே கேஸபியரைச் சிறப்பித்தது. ஆனால் வாடகை, விலை, தகட்டுக் கடன், பயிற்சிக்கு யாரிடம் போவது போன்றவற்றைப் பற்றிக் கலைக்குழுக்கள் பேசுவதில்லை. பேசுவதைக் கௌரவக் குறைவாகவும் நினைத்தன.

கேஸபியரின் வாழ்க்கையில் இந்த முரண்பாடு தெளிவாகத் தெரியும். மூன்று குழந்தைகளின் தாயான அவர், 37 வயதில்தான் புரூக்ளினின் பிராட் கல்லூரியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். ஸ்டுடியோ திறப்பதற்கு முன், தொழில் நுணுக்கம் தெரிந்துகொள்வதற்காகவே புரூக்ளினில் ஓர் உருவப்படக்காரரிடம் போய் வேலை பழகினார். தீட்டிய திரைச்சீலை, போலித் தூண் எதுவுமில்லாத வெற்றுப் பின்னணியில் எடுத்த அவருடைய உருவப்படங்களுக்கு நியூயார்க்கில் பெரும் வரவேற்பு கிடைத்தது; அவருடைய படம் ஒன்று 1899-இல் 100 டாலருக்கு விலைபோனது, அன்றைக்கு ஒளிப்படத்துக்குக் கேள்விப்படாத தொகை. வெளிப்படையாகச் சம்பாதித்ததும், 1906-இல் தொழில்முறை ஒளிப்படக்காரர் அமைப்பில் சேர்ந்ததும் ஸ்டீக்லிட்சுக்கு உவப்பாக இல்லை. உரசல் முற்றி, 1912-இல் கேஸபியர் அக்குழுவிலிருந்து விலகினார். கூலிக்குப் படமெடுப்பது கலைக்கு இழுக்கு என்று பேசுவதற்குச் சோற்றுக்குக் கவலையில்லாத நிலை வேண்டும். நோயுற்ற கணவரின் குடும்பத்தைத் தாங்கியவருக்கு அது வாய்க்கவில்லை.

இந்த இடைவெளியில்தான் தொழில்முறைப் பெண்கள் அமைப்பு பிறந்தது. அமெரிக்க ஒளிப்படக்காரர் சங்கம் 1880 முதலே இயங்கிவந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த மேரி கார்னெல் முன்னின்று 1909-இல் அச்சங்கத்தின் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார். அதே காலத்தில் தொழில்முறைப் பெண் ஒளிப்படக்காரர்களை ஒருங்கிணைக்கும் முயற்சியில் கேஸபியரும் பங்கெடுத்தார். கவனியுங்கள், கார்னெலின் கூட்டமைப்பு தாய்ச் சங்கத்தை விட்டு வெளியேறிப் போகவில்லை, அதற்குள்ளேயே தனக்கென ஓர் இருக்கையைப் போட்டுக்கொண்டது.

அப்படி எந்தத் துணையும் இல்லாமல் ஒரு பெண் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதற்கு ஜெஸ்ஸி டார்பாக்ஸ் பீல்ஸ் சான்று. பள்ளி ஆசிரியையாக இருந்து பத்திரிகைப் படக்காரரானவர். 1903-இல் பஃபலோ நகரில் ஒரு கொலை வழக்கு விசாரணையைப் படமெடுக்கத் தடை விதிக்கப்பட்டபோது, உயரமான புத்தக அலமாரிமேல் ஏறி, கதவுக்கு மேலிருந்த சாளரத்தின் வழியே கேமராவை நீட்டிப் படமெடுத்தார். அவர் தூக்கித் திரிந்த கருவிகளின் எடை ஏறத்தாழ 22 கிலோ; உடுத்தியிருந்ததோ தரையைத் தொடும் பாவாடை.

பெண்கள் அமைப்பு கையில் காசைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒளிப்படக் கலைஞர் இமோஜன் கன்னிங்ஹாமைச் சொல்லலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த அவர், பை பீட்டா ஃபை என்ற மாணவியர் கழகத்தின் உறுப்பினர். அது தொழிற்சங்கமன்று, ஆனாலும் 1909-இல் அக்கழகம் அளித்த உதவித்தொகையில்தான் அவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் போய் ஒளிப்பட வேதியியல் பயின்றார். பிளாட்டினக் கலவை பூசிய அச்சுத்தாளில் பழுப்பு நிறச் சாயலை நேரடியாகக் கொண்டுவரும் முறை பற்றி அங்கே ஆய்வுக்கட்டுரை எழுதினார். திரும்பும் வழியில் நியூயார்க்கில் கேஸபியரைச் சந்தித்துவிட்டு, 1910-இல் சியாட்டிலில் சொந்த ஸ்டுடியோ திறந்தார். மூன்றாண்டுகள் கழித்து, பெண்களுக்கு ஒளிப்படம் ஒரு தொழிலாக அமையும் என்று வாதிடும் கட்டுரையை எழுதி, உதவித்தொகை தந்த அதே கழகத்தின் இதழில் வெளியிட்டார்.