பதில்: 34 வயதில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கிடைக்குமா?

அம்மாபேட்டைத் தோழிக்கு, பெரியார் பல்கலைக்கழகத்தில் ஏற்காட்டு மூலிகைச் சாறும் புற்றுநோய்ச் செல்லுமாக பிஎச்.டி., தீசிஸ் கொடுத்தாயிற்று, வைவா (வாய்மொழித் தேர்வு) பாக்கி, வயது 34, போஸ்ட்டாக் கேட்டு அனுப்பிய மெயிலுக்கு எந்தப் பேராசிரியரும் பதில் போடவில்லை. இதுதானே உங்கள் நிலைமை?

வயதுக்காகப் பதற வேண்டாம். மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான செர்ப் நடத்தி வந்து, இப்போது அதன் இடத்தில் வந்த ஏஎன்ஆர்எஃப் நடத்தும் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு (ஆய்வு உதவித்தொகை) வயது வரம்பு 35. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. தீசிஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். உயிர்மருத்துவ ஆய்வுக்கு ஃபெலோஷிப் தரும் இந்தியா அலையன்ஸ் அமைப்பில் வயது வரம்பே கிடையாது, ஆனால் போட்டி கடுமை. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) போஸ்ட்டாக் ஃபெலோஷிப் என்றால் அவர்களுடைய நிறுவனங்களில்தான் செய்ய முடியும். உதாரணத்துக்கு, சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு, விண்ணப்பிக்கும் கடைசித் தேதிக்குள் பிஎச்.டி. முடிந்திருக்க வேண்டும், அதனால் வைவாவுக்குக் கைடை நச்சரியுங்கள்.

சிக்கல் உங்கள் மெயிலில்தான். இங்கே ஒட்டியிருந்ததைப் படித்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான ஆய்வகத்தில் சேர ஆவல்' என்று ஊருக்கெல்லாம் ஒரே கடிதம். பார்த்ததும் அழித்துவிடுவார்கள். நீங்கள் எழுதும் பேராசிரியருடைய சமீபத்திய பேப்பர் ஒன்றில் எந்தக் கேள்வி பாக்கி நிற்கிறது என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். அடுத்து, உங்கள் கைக்கு என்ன வரும் என்பது. மூலிகைச் சாறு, எம்டிடி பரிசோதனை (செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பது) இரண்டோடு நிறுத்தினால் (கசப்பாக இருக்கும், மன்னிக்கவும்) ஆயிரம் பேரோடு ஒருவராகக் கரைந்துவிடுவீர்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் முறை) செய்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் படம் ஒன்றை இணையுங்கள். அப்புறம் முக்கியமான வரி: 'சம்பளத்துக்கு நானே ஃபெலோஷிப் எழுதுகிறேன், நீங்கள் மென்டராக இருந்தால் போதும்.' பணம் கேட்காத ஆளுக்குப் பதில் சீக்கிரம் வரும்.

திருத்தியதை இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.