மின்வெட்டுக்குப் பின் மாறும் முகவரி

கேள்வி: டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறோம். லோட் ஷெடிங் முடிந்து மின்சாரம் வரும்போதெல்லாம் பிரிண்டரின் ஐபி முகவரி மாறிவிடுவதால், ராஸ்ப்பெரி பை 4 என்ற சிறு கணினி ஒன்றை வாங்கி, டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள் மூலம் டிஎச்சிபி (கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் சேவை), டிஎன்எஸ் (பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் சேவை) இரண்டையும் அதில் நிறுவினேன். ஆனாலும் சில நாள் பிரிண்டர் கிடைக்கிறது, சில நாள் கிடைப்பதில்லை. பிழை எங்கே?

பதில்: சில நாள் மட்டும் தவறுகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ரௌட்டரின் டிஎச்சிபி இன்னும் அணைக்கப்படாமல் இருக்கிறது என்றே கருதுகிறேன். முகவரி தேவைப்படும் கருவி, யாரிடம் கேட்பது என்று அறியாததால், வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் பொதுவாகக் கேட்கிறது. இரண்டு சர்வர்கள் பதில் சொன்னால், பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே ஏற்கிறது. மின்சாரம் திரும்பியதும் ரௌட்டரும் பையும் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்குவதால், எது முந்துகிறதோ அது கொடுப்பதே அன்றைய முகவரி.

ஆகவே ரௌட்டரின் டிஎச்சிபியை அணைக்கத்தான் வேண்டும். ஆனால் அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். பைக்கு 192.168.1.2 போன்ற நிலையான முகவரியை அதன் அமைப்பிலேயே கொடுத்து, பொது விநியோகத்துக்கு 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை ஒதுக்கி, பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவியிலேயே பதிந்திருக்கும் அடையாள எண்) 192.168.1.20 என்று பதிவு செய்த பிறகே ரௌட்டரைத் தொடுங்கள். பதிவு செய்த முகவரி அந்த வரம்புக்குள் அடங்க வேண்டியதில்லை. அதே சப்நெட்டில், அதாவது இங்கே 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளுக்குள், இருந்தால் போதும். பலர் தடுக்கி விழும் இடம் கேட்வே, அதாவது இணையத்துக்குச் செல்லும் வாயில்: ரௌட்டரின் முகவரியை நீங்கள் எழுதித் தராவிட்டால், டிஎன்எஸ்மாஸ்க் தன்னையே கேட்வே என்று அறிவித்துவிடும், முகவரி கிடைத்தும் இணையம் கிடைக்காது.

இரண்டாவது டிஎன்எஸ் சர்வராகக் கூகுளின் 8.8.8.8 என்று சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். முதலாவது பழுதானால்தான் இரண்டாவதைக் கேட்பது என்ற ஒழுங்கை எல்லாக் கருவிகளும் பின்பற்றுவதில்லை; கூகுளுக்கு உங்கள் பிரிண்டரின் பெயர் தெரியாது. வீட்டுப் பெயர்களுக்கு லோக்கல் என்ற பின்னொட்டையும் தவிருங்கள், அது, சர்வர் இல்லாமலே கருவிகள் ஒன்றையொன்று பெயரால் கண்டறியும் எம்டிஎன்எஸ் முறைக்கு உரியது. வீட்டுப் பெயர்களுக்கென்றே 2018இல் ஒதுக்கப்பட்ட ஹோம்.ஆர்ப்பா என்ற பின்னொட்டு இருக்கிறது.

பையையும் ரௌட்டரையும் ஒரே சிறிய யுபிஎஸ்ஸில் இணையுங்கள். திடீரென மின்சாரம் போவது எஸ்டி கார்டுக்கு ஆகாது. மேலும், பை 4இல் பேட்டரியால் ஓடும் கடிகாரம் இல்லாததால், மின்வெட்டுக்குப் பின் அது பழைய நேரத்திலிருந்தே தொடங்கும். டிஎன்எஸ் பதில்கள் உண்மையானவையா என்று டிஜிட்டல் கையொப்பத்தால் சோதிக்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு இயக்கத்தில் இருந்தால், நேரம் தவறாக இருப்பதால் செல்லத்தக்க கையொப்பங்களும் நிராகரிக்கப்படலாம். நேரத்தைத் திருத்த நேர சர்வரின் பெயரைக் கேட்க வேண்டும், பெயர் கிடைக்க நேரம் சரியாக இருக்க வேண்டும் என்ற சிக்கலில் பை மாட்டிக்கொள்ளாதிருக்க, நேர சர்வர் ஒன்றை ஐபி முகவரியாகவே எழுதி வையுங்கள்.